வாடகை வீட்டில் சப் மீட்டர்: பல வருடம் ஓடிய பிறகு தெரிபவை

ஒரே ஈபி இணைப்பில் இரண்டு மூன்று குடித்தனம் இருக்கும் வீடுகளில், வாடகையைவிடக் கரண்ட் பில்லுக்குத்தான் மனஸ்தாபம் அதிகம். இதற்குத்தான் ஈபி மீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு போர்ஷனுக்கும் நாமே மாட்டும் சப் மீட்டர். சிங்கிள் பேஸ், 5-30 ஆம்பியர் ஸ்டாட்டிக் (சக்கரம் சுற்றாத எலக்ட்ரானிக்) வகை ஒரு போர்ஷனுக்குத் தாராளமாகப் போதும். வருடக்கணக்கில் ஓடினாலும் மீட்டர் தப்பாகக் காட்டுவது அபூர்வம். கணக்கு உதைத்தால் வயரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதிலும் நியூட்ரல், அதாவது பேஸ் வயரில் வரும் கரண்ட் திரும்பிப் போகும் வயர். பழைய வீட்டில் மாடியைத் தனியாகப் பிரிக்கும்போது, பேஸ் வயரை மட்டும் புது மீட்டர் வழியாக இழுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில் கீழ்வீட்டு வயரோடு முறுக்கிவிடுவார்கள். பேன் ஓடும், லைட் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இப்போது வரும் மீட்டர்களில் பல, திருட்டைத் தடுப்பதற்காக பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும். மாடிக்காரர் ஏசி போட்டால் அது மாடி மீட்டரிலும் ஏறும், கீழ்வீட்டு மீட்டரிலும் ஏறும். சப் மீட்டர்களின் கூட்டுத்தொகை ஈபி மீட்டரைத் தாண்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. கீழ்வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மெயினை மட்டும் அணைக்க வேண்டாம். அது நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையாக இருந்தால் குறை மறைந்துவிடும். இப்போது மாடியில் அயர்ன் பாக்ஸ் போடச் சொல்லுங்கள். கீழ்வீட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தால் நியூட்ரல் கலந்திருக்கிறது. சரிசெய்து முடிக்கும்வரை பழைய பில்லைப் பற்றி யாரிடமும் வாதாட வேண்டாம்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று குடியிருப்பவர் சொன்னால், அவர் எதிரிலேயே எண்ணிக் காட்டுங்கள். முகப்பில் 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால், 3200 முறை மின்னினால் 1 யூனிட். மற்றதெல்லாம் அணைந்திருக்க, 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை பக்கெட்டில் போட்டு ஓடவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 80 முறை மின்ன வேண்டும். வோல்டேஜ் 230க்குப் பதில் 210 இருந்தால் 67 அளவுக்குத்தான் வரும். அது மீட்டரின் குறை அல்ல.

அடுத்து டெர்மினல். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு ஸ்க்ரூ உண்டு. ஒன்றை மட்டும் முடுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கீசர், ஏசி ஓடும் வீட்டில் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை வரும். மாட்டி ஒரு மாதம் கழித்தும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும், எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்து முடுக்கச் சொல்லுங்கள்.

மோட்டாருக்கும் தனி சப் மீட்டர் கட்டாயம். 1 ஹெச்பி மோட்டார் தினம் முக்கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 50 யூனிட்டை ஒட்டி வரும். ஆட்கள் கூடாமலே அது 80 ஆனால் புட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு), டேங்க் ஓவர்ஃப்ளோ, ஒழுகும் பிளஷ் டேங்க் மூன்றையும் பாருங்கள்.

ரீடிங்கை 1ஆம் தேதி எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஈபி ஆள் வந்து எடுக்கும் அதே நாளில் எல்லா மீட்டரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். யூனிட்டுக்கு 8, 10 என்று ஒரே விலை வைத்து வாங்குவது நியாயமே இல்லை. பில் தொகையை ஈபி மீட்டரின் மொத்த யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரி விலையில் வாங்குங்கள். இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டின் பலனும் எல்லோருக்கும் பிரிந்து போகும். மோட்டார் யூனிட்டைத் தலைக்கணக்கில் பிரிப்பதா, வீட்டுக்கணக்கிலா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தனிச் சமையலறை, தனி வாசல் உள்ள போர்ஷனுக்குத் தனி ஈபி இணைப்பு வாங்க முடிந்தால் அதுவே மேல். கிடைக்கும்வரை, குடிவரும் நாளின் மீட்டர் ரீடிங்கை ஒப்பந்தத்தில் எழுதி, காலி செய்யும் நாளின் ரீடிங்கைச் சாவி வாங்கும்போதே இருவரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கடைசி பில் வராத நிலையில் முந்தைய பில்லின் சராசரி விலையைப் போட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்.