ராக் கச்சேரிக்குக் குடும்பத்தோடு: மேடை முன்னால் நிற்பதா, கேலரியில் உட்கார்வதா?

பார்வை
நிற்குமிடம்: கிட்டார் கம்பியில் ஓடும் விரல்வரை தெரியும், உங்களுக்கு. நாலடி உயரப் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர் முதுகுதான்.
கேலரி: படிப்படியான இருக்கை என்பதால் மறைப்பு குறைவு. முகபாவத்துக்குத் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒலி
நிற்குமிடம்: ஸ்பீக்கர் அருகே 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், அந்த அளவுக்குப் பாதுகாப்பு வரம்பு சுமார் 15 நிமிடமே. சிறுவர் காதில் பஞ்சு அடைப்பான் நிற்காமல் நழுவும். காதை முழுக்க மூடும் இயர்மஃப்தான் சரி, கேலரியிலும்கூட.
கேலரி: 100 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வந்துசேர 0.3 நொடி ஆகும். டிரம்மில் குச்சி விழுந்த பிறகே அடி கேட்கும். கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

வசதி
நிற்குமிடம்: கழிப்பறைக்குப் போனால் பழைய இடம் போச்சு. பல அரங்குகளில் வயது வரம்பும் உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.
கேலரி: வரிசையின் ஓர இருக்கையாக எடுங்கள்.

பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் நில்லுங்கள்; ஆனால் ஒலியைச் சரிசெய்பவர் இருக்கும் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில். தள்ளுமுள்ளு குறைவு, ஒலியும் அங்கேதான் கச்சிதம். சின்னக் குழந்தையோ முட்டிவலிக்காரரோ கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், கேலரிதான்.