தாழ்த்திய காருக்கு மரை வைத்த ஸ்பிரிங் ஸ்பேசர்: 5க்கு மூன்றரை

குட்டை காயில் ஸ்பிரிங் நான்கையும் மாட்டிக் காரை இறக்கிப் பார்த்தால், முன்பக்கம் நினைத்த மாதிரியே வந்திருந்தது, பின்பக்கம் மட்டும் டிக்கியில் சிமெண்ட் மூட்டை ஏற்றியது போல 12 மி.மீ. கூடுதலாக அமுங்கி நின்றது. அதற்காகத்தான் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இந்த அலுமினிய ஸ்பேசர் ஜோடியை வாங்கினேன். மாட்டி எட்டு மாதம் ஆகிறது.

ஒன்றுக்குள் ஒன்று மரையில் ஏறும் இரண்டு வளையங்கள், அவ்வளவுதான் பொருள். பழைய ரப்பர் திண்டை எடுத்துவிட்டுக் கீழ் வளையத்தை லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கீழ்க்கை) கிண்ணத்தில் உட்கார வைக்க வேண்டும், மேல் வளையத்தின் மீது ஸ்பிரிங் நிற்கும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஏறுகிறது. மரையைச் சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள், கையாலேயே சுற்றலாம், ஆட்டமே இல்லை. ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் செருகும் ரப்பர் கட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டை சில சுருள்களை வேலை செய்ய விடாமல் தடுப்பதால் ஸ்பிரிங்கே விறைப்பாகிவிடும், இது உட்காரும் இடத்தை மட்டும்தான் உயர்த்துகிறது.

இனி நான் செய்த முட்டாள்தனம். 12 மி.மீ. குறைகிறது, சரி, இரண்டு பக்கமும் ஆறு சுற்று என்று திருகி இறக்கினேன். 18 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது! என் காரில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லை, ஆர்ம் வண்டியோடு சேரும் உள்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்திலேயே இருக்கிறது, அதனால் ஸ்பேசரில் கூட்டுவது சக்கரத்தில் ஒன்றரை மடங்காகத் தெரியும். நான்கு சுற்றே போதுமாக இருந்தது. கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, படத்தில் ஒரு அம்புக்குறி மட்டும். தவறு தெரிந்ததும் மறுபடி ஜாக்கி, மறுபடி ஸ்டாண்டு, ஆர்மின் வெளிப்பக்க போல்ட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மொத்த வேலையும் முதலிலிருந்து. பெயர்தான் அட்ஜஸ்டபிள், காரின் எடை மேலே இருக்கும்போது அதை அசைக்க முடியாது.

அளவைத் தரையிலிருந்து எடுக்காமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை எடுங்கள், டயர் காற்று கூடக்குறைய இருந்தாலும் கணக்கு மாறாது. அப்புறம் ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தைக் கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ஆர்ம் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், உயரமும் பொய் சொல்லும், ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

குறை என்றால் அந்தப் பூட்டுத் திருகு. இரும்பு முனை நேரடியாக அலுமினிய மரையில் கடிக்கிறது, முனையில் ஒரு நைலான் துண்டு வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டாவது முறை சுற்றும்போது கடித்த தழும்பில் மரை சிக்கி, சின்ன அரத்தால் நெருடலை ராவித்தான் நகர்த்தினேன். சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடம் வேறு, மரை இறுகிப் பிடிக்காமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவாமல் மாட்டினால் அடுத்த வருடம் சுத்தியல்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முன்பக்கம் ஷாக்கோடு ஸ்பிரிங் சேர்ந்திருக்கும் கார் என்றால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியும் அதில் பழகிய கையும் இல்லாமல் இறங்க வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும்.

புது ஸ்பிரிங் படிந்து அடங்கட்டும் என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டுத்தான் அலைன்மென்ட் பார்த்தேன், பின்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) எதிர்பார்த்தபடியே விலகியிருந்தது. ஹெட்லைட்டையும் திருத்த வேண்டி வந்தது. இப்போது பள்ளத்தில் இறங்கினாலும் பின்னாலிருந்து சத்தமில்லை, வலது பக்கம் 2 மி.மீ. உயரமாகவே நிற்கிறது. அதற்காக இன்னொரு முறை கழற்ற எனக்குத் தெம்பில்லை.