சொல்லிச் செய்வித்த மலைச் சைக்கிள் ஃபிரேம்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

கையால் செய்த ஸ்டீல் ஃபிரேம் ஒன்றைச் சொல்லிச் செய்வித்து, சில ஆண்டுகளாக அதையே ஓட்டிவருகிறேன். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "உடம்புக்கு அளவெடுத்துச் செய்தார்களாமே, எப்படி இருக்கிறது?" என்பதுதான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுகம் சீக்கிரமே பழகிப்போய்விட்டது. இப்போது நினைவுக்குக்கூட வருவதில்லை. இத்தனை காலம் கழித்தும் "நல்லவேளை, இப்படிக் கேட்டு வாங்கினோம்" என்று நினைக்கவைப்பவை வேறு. பாட்டம் பிராக்கெட் (பெடல்களின் அச்சு சுழலும் இடம்) எந்த வகை, டயருக்கு எவ்வளவு இடம், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் விசாரிக்காத சமாச்சாரங்கள் அவை.

மலைத்தடத்தில் ஓட்டுபவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. இறக்கத்தில் பெடல் மீது எழுந்து நிற்கிறார், ஏற்றத்தில் சீட்டின் நுனிக்கு நகர்கிறார், வளைவில் சைக்கிளை மட்டும் சாய்த்துத் தான் நிமிர்ந்திருக்கிறார். சாலைச் சைக்கிளுக்கு மில்லிமீட்டர் பார்த்து அளவெடுப்பதில் உள்ள பயன் இங்கே பாதிகூட இல்லை. எனக்குக் கால் நீளம், உடல் குட்டை. காலுக்குப் பொருந்தும் ஆயத்த ஃபிரேம்கள் எல்லாம் கைக்கு எட்டாமல் முன்னே நீண்டிருந்தன. அதனால்தான் ஃபிரேம் செய்பவரைத் தேடிப் போனேன். உங்கள் குறையும் இது ஒன்றுதான் என்றால், முதலில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை, 50 மில்லிமீட்டர் நீளமானதைக் கழற்றிவிட்டு 35 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

ஃபிரேம் செய்பவர் என் கால் அளவைக் கடைசியில்தான் கேட்டார். முதல் கேள்வி, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையைப் பற்றியது: "எந்த ஃபோர்க் போடப்போகிறீர்கள்?" அது முடிவாகாமல் வரைபடம் தொடங்காது என்று கறாராகச் சொல்லிவிட்டார். காரணம் இருக்கிறது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலில், ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் மட்டும் அமுங்குகிறது. ஃபோர்க் 20 மில்லிமீட்டர் அமுங்கினால் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாயின் (ஹெட் டியூப்) சாய்வு, ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்ந்துவிடும். பாட்டம் பிராக்கெட் தாழும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபும் கூடவே முன்னே சாயும். என்னுடையது 130 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடிய ஃபோர்க். வரைபடத்தில் 65 டிகிரி என்று எழுதியிருப்பது நான் ஏறியதும் 66-ஐத் தாண்டுகிறது. ஆகவே அவர் இரண்டு வரைபடங்கள் அனுப்பினார்: ஒன்று சைக்கிள் சும்மா நிற்கும்போது, மற்றது என் எடையில் ஃபோர்க் அமுங்கியிருக்கும்போது. ஆயத்த ஃபிரேம்களின் அட்டவணைகளில் பெரும்பாலும் முதல் கணக்குதான் இருக்கும். ஹார்ட்டெயில் வாங்குபவர்கள் இரண்டாவதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அடுத்து குழாய். பட்டட் குழாய் என்பது முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பது; 1897-ல் ஆல்ஃபிரெட் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்ற வழி இது. பற்றவைக்கும் இடத்தில் உலோகம் தேவை, நடுவில் தேவையில்லை. 0.8, 0.5, 0.8 மில்லிமீட்டர் என்று மூன்று எண்கள் எழுதியிருந்தால் அது இந்தத் தடிமன்தான். எனக்கு எடை குறைய வேண்டும் என்ற ஆசை. அவரோ, முதுகுப்பையோடு சேர்த்து என் எடை என்ன என்று கேட்டார். சொன்னதும் கீழ்க்குழாயின் விட்டத்தை 34.9-லிருந்து 38.1 மில்லிமீட்டராக்கினார். சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் மட்டும் கூடினால், விறைப்பு ஏறத்தாழ விட்டத்தின் மூன்றாம் அடுக்கு விகிதத்தில் கூடும். இந்த மூன்று மில்லிமீட்டர் சொச்சத்துக்கே முப்பது சதவீதம் வருகிறது. கூடும் எடையோ மிகச் சொற்பம். "ஸ்டீல் என்றால் மெத்தென்று இருக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். உலோகத்தின் பெயரை விட, குழாயின் விட்டமும் டயரில் இருக்கும் காற்றும் சைக்கிளின் குணத்தை அதிகம் தீர்மானிக்கின்றன.

இனி, ஆரம்பத்தில் சொன்ன சமாச்சாரங்கள். பாட்டம் பிராக்கெட் 73 மில்லிமீட்டர் அகலம், மரை போட்டது. அழுத்திப் பொருத்தும் வகையில் கேட்கும் முனகல் இதில் இல்லை. பேரிங் தேய்ந்தால் நானே கழற்றி மாற்றிவிடுகிறேன். ஹெட் டியூப் உட்புறம் 44 மில்லிமீட்டர், நேர்க்குழாய். கீழே பேரிங்குக்கு வெளிக்கிண்ணம் வைத்தால் அடி பருத்த தண்டுள்ள ஃபோர்க்கும் நுழையும், பழைய நேர்த் தண்டுள்ளதும் நுழையும். பின்சக்கரத்துக்கு 148 மில்லிமீட்டர் இடைவெளி, 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆக்சில். சீட் டியூப் வளைவில்லாமல் நேராக இருக்க வேண்டும், பாட்டில் போல்ட்டின் முனை உள்ளே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்தேன். இதனால் ட்ராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் தண்டு) முழு நீளத்துக்கும் உள்ளே இறங்குகிறது. கால் நீளமானவர்களுக்கு இது பெரிய வரம். பின் பிரேக்கின் ஹோஸ் ஃபிரேமின் வெளிப்புறமாகவே ஓடுகிறது. அழகு குறைவு என்பார்கள். பிரேக் மாற்றும் நாளில் அவர்களே பொறாமைப்படுவார்கள்.

முன்பணம் கட்டிய பிறகு வந்த காத்திருப்பைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. சொன்ன தேதி தள்ளிப்போனதில் குறையில்லை. ஒற்றை ஆள் வேலை அப்படித்தான். தள்ளிப்போகிறது என்பதை நானாகக் கேட்டால்தான் சொல்வார் என்பதே எரிச்சலாக இருந்தது. வரைபடத்தின் மீது நாள்கணக்காக விவாதித்தவர் தேதி விஷயத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஃபிரேம் வந்ததும் முதலில் சீட் டியூபுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பற்றவைக்கும் சூட்டில் குழாய் வட்டம் மாறி நெளியும். பிறகு உட்புறத்தைக் கடைந்து சரிசெய்தால்தான் போஸ்ட் இறங்கும். மேல்விளிம்பிலிருந்து விரல் எட்டிய ஆழம் வரை வழவழவென்றிருந்தது, கடைந்த இடம் பளபளத்தது. டிக் (TIG) முறை வெல்டிங்கின் வரிகளும் ஒரே சீராக இருந்தன. பாட்டம் பிராக்கெட்டும், அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாயும் சேரும் இடுக்கில் மட்டும் வரிகள் சற்று அகன்றிருந்தன. டார்ச் நுழைய இடமில்லாத மூலை அது; ஃபிரேம் செய்பவரின் கையை எடைபோட வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும். ஆனால் பாட்டம் பிராக்கெட்டின் மரைக்குள் பவுடர் கோட்டிங் பெயின்ட் புகுந்திருந்தது. மரையைச் சுத்தப்படுத்தும் கருவியை இரவல் வாங்கி நானே சரிசெய்தேன். இதை அவர் அனுப்பும் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஓட்ட ஓட்டத் தெரிந்தவற்றில் முதலாவது, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடிங் ட்ராப்அவுட் (ட்ராப்அவுட் என்பது சக்கரத்தின் ஆக்சில் பொருந்தும் முனை). செயின்ஸ்டே நீளத்தை 430-லிருந்து 445 மில்லிமீட்டர் வரை மாற்றலாம். குறைத்து வைத்தால் முன்சக்கரத்தைத் தூக்குவது எளிது, செங்குத்தான ஏற்றத்தில் அதுவாகவே தூக்கிக்கொள்ளவும் செய்யும். நீட்டினால் ஏற்றத்தில் சக்கரம் தரையை விட்டு எழாது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் 438-ஐ ஒட்டி ஒருமுறை வைத்ததுதான், பிறகு நகர்த்தவே இல்லை. மாறாக, போல்ட்டுகளுக்கிடையே மண் புகுந்து கிறீச்சிடுவதும், கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குவதும் வாடிக்கையாகிவிட்டது. ஒற்றைக் கியர் ஓட்டுபவர்களுக்குச் செயினை இழுத்துவைக்க இது அவசியம். மற்றவர்கள் நிலையான ட்ராப்அவுட்டைக் கேளுங்கள். அதிலும் உதிரிபாக நிறுவனமான ஸ்ராம் 2019-ல் கொண்டுவந்த பொது ஹேங்கர் பொருந்தும்படி கேளுங்கள். கியர் தொங்கும் அந்தச் சின்னத் துண்டு உடைந்தால் எங்கும் கிடைக்கும்.

துருவைப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது, அலட்சியமும் ஆகாது. வெளியே பெயின்ட் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தங்குவது உள்ளேதான். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் ஒரு வடிகால் துளை கேட்டு வாங்கினேன். மழைக்காலம் முடிந்ததும் சீட் போஸ்ட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளே ஊற்றிச் சுழற்றிவிடுகிறேன். அது குழாயின் உட்சுவரில் படிந்து இறுகிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; தானாகவே தீப்பிடிக்கக்கூடியது.

ஒருமுறை விழுந்ததில் ஹேண்டில்பார் திரும்பி மேல்குழாயின் மெலிந்த நடுப்பகுதியில் இடித்து, கட்டைவிரல் நகம் அளவுக்குக் குழிந்தது. குழியின் ஓரம் மழுங்கலாக இருந்ததாலும் பெயின்ட்டில் வெடிப்புக் கோடு இல்லாததாலும் அப்படியே ஓட்டுகிறேன். கழுவும்போதெல்லாம் அங்கே ஒரு பார்வை. பிற்பாடு கேபிளுக்கு இன்னொரு பிடிப்பு தேவைப்பட்டபோது, ஃபிரேமைச் செய்தவரிடமே அனுப்பி ஒட்டவைத்துக்கொண்டேன். அவருக்கு அது சிறு வேலை. மெல்லிய அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்திருந்தால், பற்றவைப்பு அந்த இடத்தின் பதத்தைக் கெடுத்து, திரும்ப வெப்பப் பதப்படுத்தல் வரை இழுத்திருக்கும்.

விற்க நினைத்தால் நஷ்டம்தான்: என் உடலுக்கும் என் ஃபோர்க்குக்கும் செய்தது இன்னொருவருக்குப் பொருந்துவது அரிது. எடை 2.3 கிலோ, கார்பன் ஓட்டும் நண்பர்கள் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

செய்விக்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஃபோர்க் அமுங்கிய நிலையின் வரைபடம், ஒவ்வொரு குழாயின் பெயரும் விட்டமும் தடிமனும், பெயின்ட்டுக்குப் பிறகு மரைகளையும் முகப்புகளையும் யார் சரிசெய்வது என்பது, விரிசல் விட்டால் பழுதுபார்ப்பு யார் செலவு, அனுப்பும் கூலி யார் தலையில் என்பது. கடைசி விஷயத்தை நான் கேட்டபோது பதில் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது, ஆனால் தெளிவாக வந்தது: பழுது அவர் செலவு, போக்குவரத்து என் செலவு.