வண்ண மரபுத்தொடர்களைக் கற்பிக்கும் ஒரு கைபேசிச் செயலி: மதிப்புரை

ஆங்கிலத்தில் நிறப்பெயர்களைக் கொண்டு அமைந்த மரபுத்தொடர்களை மட்டும் தமிழ் விளக்கத்துடன் கற்பிக்கும் கைபேசிச் செயலி ஒன்றை அண்மையில் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை, கறுப்பு எனத் தனித்தனிப் பகுதிகளும், மஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல் ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு பகுதியும் இதில் உள்ளன. சிவப்புப் பகுதி இலவசம். மற்றவற்றுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும் ஒருமுறைக் கட்டணம். குறைகளையும் பேச வேண்டியிருப்பதால் செயலியின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆயினும் இவ்வகைச் செயலிகள் எதை வாங்குவதாக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இலவசமாகக் கிடைக்கும் சிவப்புப் பகுதிதான் செயலியின் மிகச் சிறந்த பகுதி. ‘ரெட் டேப்’ என்ற தொடருக்கு, அரசு ஆவணக் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டிவைத்த பழைய வழக்கத்தைச் சொல்லி, நம் நாளிதழ்கள் எழுதும் ‘சிவப்பு நாடா முறை’யோடு அதை இணைத்திருக்கிறார்கள். ‘காட் ரெட் ஹேண்டட்’ என்பதற்குக் ‘கையும் களவுமாகப் பிடிபடுதல்’ என்று கச்சிதமாகத் தந்துவிட்டு, இரத்தக் கறை படிந்த கையோடு குற்றவாளி சிக்குவதைக் குறித்த ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கிலிருந்து அது வந்தது என்பதையும் இரண்டே வரியில் விளக்கியிருக்கிறார்கள். மறக்க முடியாத சிறப்பு நாளைக் குறிக்கும் ‘ரெட் லெட்டர் டே’ தேவாலய நாள்காட்டிகளில் திருநாள்கள் சிவப்பு மையில் எழுதப்பட்டதால் பிறந்த தொடர். விடுமுறை நாளைச் சிவப்பில் அச்சிடும் தினசரி நாள்காட்டியைக் கிழித்து வளர்ந்த நமக்கு இது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பாடமே அன்று. ஒவ்வொரு தொடருக்கும் முழு வாக்கியமாக ஒலிப்பதிவு இருப்பதும், அது அவசரமில்லாத, தெளிவான குரலில் இருப்பதும் பாராட்டத்தக்கவை.

நீலப் பகுதியில் முதல் சறுக்கல் தென்படுகிறது. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு ‘அத்தி பூத்தாற்போல்’ என்று தந்தது மிகப் பொருத்தம். ஆனால் ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிக்கு நீல நிலா என்று பெயர் இருந்ததால்தான் இத்தொடர் உருவானது என்று விளக்கம் சொல்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. இத்தொடர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. இரண்டாவது பௌர்ணமி என்ற வரையறையோ 1946ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வெளிவந்த கட்டுரை, பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவியது. 2023 ஆகஸ்டில் இரண்டு பௌர்ணமிகள் வந்தபோதும் செய்திகளில் அந்தப் பிற்கால வரையறையே பேசப்பட்டது. தொடரைப் பயன்படுத்த இந்த வரலாறு தேவையில்லைதான். என்றாலும் காசு வாங்கிக்கொண்டு வரலாறு சொல்பவர்கள் அதைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

வெள்ளைப் பகுதியில் ஆசிரியர் குழுவின் உழைப்பு மீண்டும் தெரிகிறது. பிறர் மனம் நோகாதிருக்கச் சொல்லும் சிறு பொய்யைக் குறிக்கும் ‘ஒயிட் லை’க்குப் பக்கத்திலேயே, கூசாமல் சொல்லும் முழுப் பொய்யைக் குறிக்கும் நம் ‘பச்சைப் பொய்’யை வைத்து, இரண்டும் ஒன்றல்ல என்று எச்சரித்திருக்கிறார்கள். ‘ஒயிட் எலிஃபண்ட்’ என்ற தொடருக்கு, சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர்கள் தமக்குப் பிடிக்காதவர்களுக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, அதன் பராமரிப்புச் செலவாலேயே அவர்களை ஓட்டாண்டியாக்கினார்கள் என்ற பழங்கதையைப் படத்துடன் தந்திருக்கிறார்கள். ஐராவதத்தையும், சுந்தரர் வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றதையும் அறிந்தவருக்கு அந்த விலங்கு மங்கலச் சின்னம். நட்டத்தில் ஓடும் அரசுத் திட்டத்தை ‘வெள்ளை யானை’ என்று திட்டுவதும் அதே தமிழில்தான். இந்த முரணைத் தொட்டிருந்தால் பாடம் இன்னும் சுவைத்திருக்கும்.

எனக்குப் பெரிய மனக்குறை கறுப்புப் பகுதியில்தான். ‘ப்ளாக் ஷீப்’ என்ற தொடருக்குக் ‘கறுப்பு ஆடு’ என்று எழுதிவிட்டு அடுத்த தொடருக்குத் தாவிவிடுகிறார்கள். தமிழ்ச் செய்தித்தாளில் ‘காவல்துறையில் உள்ள கறுப்பு ஆடுகள்’ என்றால், உள்ளே இருந்துகொண்டே தகவலைக் கசியவிடுபவர்கள், விலைபோனவர்கள் என்று பொருள். ஆங்கிலேயர் பேச்சில் அது பெரும்பாலும் குடும்பத்தின் வழியிலிருந்து விலகி, அதற்குத் தலைகுனிவை ஏற்படுத்தியவராகக் கருதப்படும் உறுப்பினரைக் குறிக்கும். துரோகம் என்பது அதில் கட்டாயமில்லை. சாயம் ஏறாத கறுப்பு உரோமத்துக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பதே அத்தொடரின் பின்னணியாகச் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே தெரிந்ததாக நாம் நினைக்கும் தொடர்களில்தான் தமிழர் தடுமாற வாய்ப்பு அதிகம். செயலியோ அவற்றையே எளிதானவை என்று குறியிட்டு வேகமாகக் கடந்துவிடுகிறது. விலக்கப்பட்டோர் பட்டியலைக் குறிக்கும் ‘ப்ளாக்லிஸ்ட்’ என்ற சொல்லை, நிறப்பாகுபாடு தொனிக்கிறது என்று பல மென்பொருள் நிறுவனங்கள் 2020 முதல் தவிர்த்து வருவதையும், கோழை என்ற பொருளில் வரும் ‘யெல்லோ’வைக் கிழக்காசிய மக்களிடையே பயன்படுத்தினால் இழிசொல்லாக ஒலிக்கக்கூடும் என்பதையும் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

பயிற்சிகள் அனைத்தும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையிலேயே உள்ளன. யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற பயிற்சி எங்கும் இல்லை. மிகவும் மகிழ்ந்துபோனதைச் சொல்லும் ‘டிக்கிள்ட் பிங்க்’ என்பது சற்றுப் பழைய, நட்பு வட்டத்துக்குரிய தொடர். அதை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த அதிகாரிக்கு எழுதும் நன்றி மடலில் மாதிரி வாக்கியமாகக் காட்டியிருப்பதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. தோட்டக்கலையில் கைராசி உள்ளவரைப் பிரிட்டனில் ‘கிரீன் ஃபிங்கர்ஸ்’ என்றும் அமெரிக்காவில் ‘கிரீன் தம்ப்’ என்றும் சொல்வார்கள். செயலி இரண்டையும் தந்தாலும் எது எந்த நாட்டு வழக்கு என்று குறிப்பிடவில்லை. கேம்பிரிட்ஜ் இணைய அகராதி இதுபோன்ற நாட்டு வழக்கையும், பேச்சு வழக்கா பழைய வழக்கா என்பதையும் கட்டணமின்றிக் குறித்துத் தருகிறது.

பேச்சிலும் செய்தியிலும் இத்தொடர்களைக் கேட்டவுடன் புரிந்துகொண்டால் போதும் என்பவர்கள், குறிப்பாகப் போட்டித் தேர்வு எழுதுபவர்கள், இச்செயலியைத் தாராளமாக வாங்கலாம். அலுவலக மடலில் எடுத்தாள விரும்புவோர், ஒவ்வொரு தொடரையும் அந்த அகராதியில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவது பாதுகாப்பானது. கட்டணம் செலுத்திய பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்பதாலும், கறுப்புப் பகுதி கட்டணத்துக்குப் பின்னரே திறக்கும் என்பதாலும், இலவசப் பகுதியின் தரத்தை மட்டும் கண்டு முடிவெடுக்க வேண்டாம்.