நல்ல மினி பிசிதான், தூங்க மட்டும் விடாதீர்கள்

நான் வைத்திருக்கும் மினி பிசியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வேகம், ரேம் எல்லாம் தெரிந்த கதை, குறையில்லை. ஃபேன் ஓடுவதே தெரியாது. என் வீடு தண்டையார்பேட்டையில். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ராத்திரியிலும் ஹாரனை விடாது. அதற்காகத்தான் புளூடூத் ஹெட்செட். அதில் பேசினால் மீட்டிங்கில் யாருக்கும் லாரி கேட்காது. இதுவரை எல்லாம் சுகம்.

சாப்பிடப் போகும்போது ஸ்லீப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் வினை. திரை வந்துவிடும், புளூடூத் வராது. ஹெட்செட் இணையவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, செட்டிங்ஸில் புளூடூத் பொத்தானே காணாமல் போயிருக்கும். கருவிகளையெல்லாம் விண்டோஸ் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ‘அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்’, உள்ளே போனால் கோட் 43, அதாவது கருவியில் கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. வைஃபை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஜாலியாக ஓடும். இரண்டும் ஒரே கார்டுதான். ஆனால் புளூடூத் பேசுவது யுஎஸ்பி வழியாக. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த இணைப்பை விண்டோஸ் தூங்க வைக்கிறது. எழுப்பும்போது கார்டு பதில் சொல்வதில்லை.

ரீஸ்டார்ட் செய்தும் பல நேரம் பலனில்லை, கார்டுக்குப் போகும் மின்சாரம் அறுபடுவதே இல்லையே. ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போட்டால் வந்துவிடும். எங்கள் தெருவில் கரண்ட் போய் வந்தாலும் சரியாகிவிடும்! கட்டாகிற கரண்ட்டால் எனக்கு நடந்த ஒரே நல்லது இது. யுபிஎஸ் வாங்கியதும் அதுவும் போச்சு.

சர்வீஸ் சென்டரில் கேட்டால் “ஃபார்மட் பண்ணிப் பாருங்க சார்” என்கிறார்கள். அதற்கு முன் இதைச் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் புளூடூத் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை, அதாவது சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் வசதியை, அணையுங்கள். தொல்லை நன்றாகவே குறையும். ஆனால் அப்டேட்டில் புது டிரைவர் ஏறினால் டிக் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும், ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு புளூடூத் டாங்கிள் வாங்கினேன், யுஎஸ்பியில் செருகுகிற குட்டி அடாப்டர். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு அடாப்டரைத்தான் வைத்துக்கொள்ளும் என்பதால், உள்ளே இருப்பதை டிசேபிள் செய்துவிட்டுத்தான் செருக வேண்டும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் வேண்டாம். அது கிளப்பும் இரைச்சல் புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழும், குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும். டாங்கிளும் சில நாள் தூங்கிவிடுகிறதுதான். ஆனால் அதை உருவிச் செருக மேஜைக்கு அடியில் குனிய வேண்டியதில்லை.

மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு, மனசாரப் போடுவேன். வாங்கலாமா என்றால், இன்று வேண்டாம் என்பேன். காலையில் மீட்டிங் ஆரம்பித்த பிறகுதான் ஹெட்செட் செத்தது தெரிந்தது. லாரி ஹாரன் எல்லாருக்கும் கேட்டது.