ஸ்கிரிப்டிலிருந்து எடிட்டரைத் திறக்க: அதே டெர்மினலா, தனி விண்டோவா?

ஒரு கோப்பைப் பயனருக்குத் திறந்து கொடுத்து, அவர் திருத்தி முடித்ததும் ஷெல் ஸ்கிரிப்ட் அதைப் படித்துத் தொடர வேண்டும். எந்த எடிட்டராக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அதை மூடும்வரை ஸ்கிரிப்ட் காத்து நிற்கிறதா?

நானோ, விம் என்ற எடிட்டர்கள் அதே டெர்மினலில் திறக்கும், மூடினால்தான் அடுத்த வரி ஓடும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைந்த சர்வரிலும் அப்படியே. புதியவருக்கு நானோ எளிது. குறுக்குவிசைகள் திரையின் அடியிலேயே தெரியும். விம்மில் எனக்குப் பிடித்தது வேறு. முக்காற்புள்ளி போட்டு சிக்யூ என்று அடித்து வெளியேறினால் அது பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும். பயனர் மனம் மாறிவிட்டார் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிந்துவிடும். கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில், பாதியில் கமிட்டை (ஒரு பதிவை) கைவிடுவதும் இப்படித்தான்.

ஆனால் லூப்புக்குள் கவனம் தேவை. கோப்புப் பட்டியலை, வரிவரியாகப் படிக்கும் ஒயில் ரீட் லூப்பில் படித்துக்கொண்டே உள்ளே விம்மை அழைத்தேன். உள்ளீடு டெர்மினலிலிருந்து வரவில்லை என்று எச்சரித்துவிட்டு, பட்டியலின் மீதி வரிகளையே கட்டளைகளாக எடுத்துக்கொண்டது. ஒரு மாலை முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில், டெவ் அடைவில் இருக்கும் டிடிஒய்யை, அதாவது டெர்மினலையே குறிக்கும் கோப்பை, விம்மின் உள்ளீடாகத் திருப்பிவிட்டதும் சரியானது.

விஎஸ் கோட், கேட் போன்ற வரைகலை எடிட்டர்கள் கண்ணுக்கு இதம்தான். ஆனால் விஎஸ் கோடை வெறுமனே அழைத்தால் கட்டளை உடனே முடிந்துவிடும். ஸ்கிரிப்ட் திருத்தாத கோப்பைப் படித்துக்கொண்டு போய்விடும். அதற்கு வெயிட், கேட்டுக்கு பிளாக் என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். வரைகலைத் திரை இல்லாத சர்வரில் இரண்டும் உதவாது.

புது டெர்மினல் விண்டோ திறந்து அதில் விம்மை ஓட்டுவது மூன்றாவது வழி. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலை அழைத்தால், அதன் விண்டோவை மூடும்வரை கட்டளை காத்திருக்கும். க்னோம் டெர்மினலின் விண்டோக்களைப் பின்னணியில் ஓடும் தனி சர்வர் நிரல் நடத்துவதால், அழைத்த கட்டளை உடனே திரும்பிவிடும். அதற்கும் வெயிட் தெரிவு தேவை. அவசியம் இல்லாமல் இந்த வழிக்கு நான் போவதில்லை.

மற்றவர்களும் ஓட்டப்போகும் ஸ்கிரிப்ட் என்றால் எடிட்டர் பெயரை நீங்களே எழுதி வைக்காதீர்கள். பயனர் தனக்குப் பிடித்த எடிட்டரைக் குறித்து வைக்கும் சூழல் மாறிகளைப் பாருங்கள்: முதலில் விஷுவல் மாறி, அப்புறம் எடிட்டர் மாறி, இரண்டும் காலி என்றால் நானோ. அந்த மாறியை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் போடாதீர்கள்: ஒருவர் அதில் விஎஸ் கோடையும் வெயிட் தெரிவையும் சேர்த்தே வைத்திருந்தால், ஷெல் மொத்தத்தையும் ஒரே கட்டளைப் பெயராக எடுத்துத் தேடும்.