இரண்டு கால் நிறம் மாறும் எல்இடி: எந்த பேட்டரியில் நீலம் நிலைக்கும்?

இது நான்கு கால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக இயக்கும்) எல்இடி பற்றியதல்ல. இரண்டே கால் உள்ள 5 மி.மீ. வகை, மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சிப் தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பேட்டரி இறங்க இறங்க இந்த இரண்டும் முதலில் மங்கி, கடைசியில் சிவப்பு மட்டும் விட்டுவிட்டு எரியும். அதனால் ஒப்பிடும்போது நீலம் எத்தனை மணி நேரம் தெரிகிறது என்று பாருங்கள். வெறும் எரியும் நேரத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

அளவுகோலாக ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கொலுப்படியில் மூன்று எல்இடி, ஒன்பது இரவு, தினம் நான்கு மணி நேரம். ஒன்றுக்குச் சராசரி 12 மில்லியாம்ப் என்றால் மொத்தம் ஏறக்குறைய 1,300 மில்லியாம்ப்-மணி தேவை.

சிஆர் 2032 பட்டன் செல் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப்போகிறது. அதன் 220 மில்லியாம்ப்-மணி என்பது மிக மெதுவாக, அரை மில்லியாம்ப்புக்கும் குறைவாக இழுத்தால் கிடைப்பது. 10 மில்லியாம்ப் இழுத்தால் உள் மின்தடையால் வோல்ட்டேஜ் உடனே சரியும். நீலம் ஆரம்பத்திலேயே மங்கல்தான். ஒரு எல்இடி, ஒரு மாலை, வாழ்த்து அட்டை என்றால் சரி. குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும் என்பதால் திருகு மூடி உள்ள ஹோல்டர் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டு ஏஏ அல்கலைன் செல் போடுவதுதான் பலர் முதலில் செய்வது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வேண்டாம், புது செல்லில் 3.2 வோல்ட், நன்றாகவே எரியும். ஆனால் செல் ஒவ்வொன்றும் 1.3 வோல்ட்டுக்கு வரும்போது மொத்தம் 2.6 தான்; நீலம் போய்விடும், செல்லில் பாதிச் சக்தி அப்படியே இருக்கும். தூக்கிப் போடாதீர்கள், சுவர்க் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும்.

மூன்று செல்லுக்குப் போனால் கதை மாறுகிறது. 4.5 வோல்ட், ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி 150 ஓம் ரெசிஸ்டர். நீலத்துக்குச் சுமார் 9 மில்லியாம்ப், சிவப்புக்கு 16. செல் ஒவ்வொன்றும் 1.1 வோல்ட் வரை இறங்கினாலும் நீலம் மங்கலாகவாவது தெரியும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம்: ஒன்று சிவப்புக்கு மாறும்போது அதுவே மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும், சில நேரம் சிப்பே ரீசெட் ஆகும். இரண்டை சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு 9 வோல்ட்டில் ஓட்ட நினைப்பதும் இதே கேடுதான். ஒரு சிப் மின்னோட்டத்தைத் துண்டித்தால் அடுத்ததற்கும் சாப்பாடு இல்லை.

என் தேர்வு மூன்று ரீசார்ஜபிள் நிக்கல் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ஒவ்வொரு எல்இடிக்கும் 100 ஓம். காரணம் அதன் வோல்ட்டேஜ் கோடு: சார்ஜ் தீரும் வரை பெரும்பாலான நேரம் செல்லுக்கு 1.2 முதல் 1.25 வோல்ட்டில் நிற்கும். அல்கலைனைவிட வெளிச்சம் சற்றுக் குறைவுதான், ஆனால் முதல் இரவும் ஒன்பதாம் இரவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நீலம் மங்கியதும் கழற்றி சார்ஜ் போடுங்கள். அதற்கு மேலும் ஓட்டினால் மூன்றில் பலவீனமான செல் தலைகீழாக சார்ஜ் ஆகிக் கெடும்.

18650 என்ற உருளை வடிவ ரீசார்ஜபிள் லித்தியம் செல்லும் நல்ல போட்டி. 4.2 வோல்ட்டில் தொடங்கும். நீலம் வாடும் 3.3 வோல்ட்டுக்கு வருவதற்குள் சக்தியில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். தினமும் எரியும் அலங்காரத்துக்கு இதுவே லாபம். ரெசிஸ்டர் இங்கும் 100 ஓம். பாதுகாப்புச் சுற்று சேர்ந்த டிபி 4056 சார்ஜிங் போர்டு வாங்குங்கள். அதில் வரும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டர் 1 ஆம்ப் சார்ஜுக்கானது. 400 மில்லியாம்ப்-மணி சின்ன பவுச் (தட்டையான பை வடிவ) லித்தியம் செல்லுக்கு அதை 5 கிலோஓமாக மாற்றினால் 250 மில்லியாம்ப் ஆகும். மாற்றாவிட்டால் செல் உப்பும்.

ஒரே ஒரு ஏஏ செல்லுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் ஜூல் தீஃப் சுற்று, அதாவது கையால் சுற்றிய கம்பிச் சுருளும் ஒரு டிரான்சிஸ்டரும் வைத்து வோல்ட்டேஜை உயர்த்தும் சின்ன சுற்று. இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சாதா வெள்ளை எல்இடியில் அருமையாக எரியும் அதே சுற்றில் நிறம் மாறும் எல்இடி முதல் நிறத்திலேயே நின்றுவிடும். வெளியே வருவது துடிப்பு. ஒவ்வொரு துடிப்பின் இடைவெளியிலும் சிப் செத்துப் பிழைத்து, வரிசையை முதலிலிருந்து தொடங்குகிறது. டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து 1என் 5819 ஷாட்கி டையோடு, அதன் பின் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கெபாசிட்டருக்குக் குறுக்கே எல்இடி. வோல்ட்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் 5.1 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றையும் கெபாசிட்டருக்குக் குறுக்கே போடுங்கள். அது இல்லாமல் எல்இடியைக் கழற்றினால் கெபாசிட்டர் பத்து இருபது வோல்ட்டுக்கு ஏறி நிற்கும்; திரும்ப மாட்டிய கணமே எல்இடி போய்விடும்.

சுருள் சுற்றிக் கட்டப் பொறுமை இல்லாதவர்கள் வோல்ட்டேஜை உயர்த்தித் தரும் எம்டி 3608 பூஸ்ட் போர்டை இரண்டு ஏஏ செல்லோடு சேர்க்கலாம். செல்களிலிருந்து 2 வோல்ட் வரும் வரை ஓடும், அதாவது மேலே சொன்ன வீணாகும் பாதியும் பயன்படும். எல்இடி மாட்டும் முன் மீட்டர் வைத்து 4.5 வோல்ட்டுக்குத் திருப்புங்கள்; ட்ரிம்மர் எனும் சின்னத் திருகைப் பல சுற்று திருப்பிய பிறகே வோல்ட்டேஜ் அசையத் தொடங்கும். சுவிட்சை செல் பக்கம் வையுங்கள், இல்லையென்றால் எல்இடி அணைந்திருந்தாலும் போர்டு கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றும் ஒன்றாக நிறம் மாற வேண்டும் என்று ஆசைப்பட்டால் எந்த பேட்டரியும் உதவாது. ஒவ்வொரு சிப்பின் கடிகாரமும் சற்று வேறு. சேர்ந்து தொடங்கி சில நிமிடங்களில் பிரிந்துவிடும். அதற்கு நான்கு கால் எல்இடியும் நிரல் எழுதி இயக்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்பும்தான் வழி.